ஏறிய மறுநாள் யார் காசு கொடுப்பது?

தமிழ்நாட்டின் மேற்குக் கரை நீரோடியோடு முடிகிறது. அதைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர். நடுவில் மாநில எல்லை இருப்பது வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும். பேச்சு, கோயில், கடல், கல்யாண உறவு எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்தவை. கால்பந்தும் அப்படித்தான். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியின் பெயரால், பொழியூரைச் சந்தோஷ் டிராபி கிராமம் என்றே சொல்வார்கள். அந்த ஒரு ஊரில் இருந்து அத்தனை பேர் மாநில அணிக்குப் போயிருக்கிறார்கள். இந்தப் பக்கம் வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலம் மணலில் பந்து உருளும். சென்னை சிட்டி அணிக்கும் பிறகு ஜாம்ஷெட்பூருக்கும் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். அவர் நாட்டின் உச்ச லீக்கான ஐஎஸ்எல்-இல் ஆடிய நாட்களில் இங்கே டிவி இருந்த வீடெல்லாம் கேலரியாக மாறியது.

இந்தக் கரையில் ஒரு சின்ன கிளப்பின் வரவு செலவை எழுதுகிறவன் நான். கிளப்பின் பெயர் இங்கே வேண்டாம். இந்த வருடம் பையன்கள் பிரமாதமாக ஆடுகிறார்கள். இப்படியே போனால் மேல் டிவிஷனுக்குப் போய்விடலாம் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கும் ஆசை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் மேலே போன பிறகு அந்த அணியை எப்படி நடத்துவது என்று கமிட்டியில் இன்னும் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. நல்ல கிளப்புகள் அழிந்தது தோற்றதால்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் படித்துப் பார்த்தவரையில் ஜெயித்த வருடத்திலேயே குழி வெட்டிக்கொண்ட கிளப்புகள் நிறைய.

முதலில் எங்கள் நோட்டைத் திறக்கிறேன். வரவுப் பக்கத்தில் படகு முதலாளிகளின் நன்கொடை, வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் அனுப்புவது, திருவிழா சமயத்தில் நடத்தும் டூர்ணமெண்டின் டிக்கெட் வசூல், விழா மலர் போட்டால் அதில் வரும் விளம்பரக் காசு. செலவுப் பக்கத்தில் பந்து, ஜெர்சி, கோல் வலை, கோடு போடச் சுண்ணாம்புப் பொடி, ரெஃப்ரி கூலி, வேன் வாடகை, முட்டியில் சுற்றும் டேப், ஆட்டம் முடிந்தால் பரோட்டாவும் பீஃப் கறியும். வருடக் கடைசியில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வந்து நிற்கும். குறைந்தால் யாராவது ஒருவர் பையில் இருந்து எடுத்துக் கொடுப்பார்.

மேல் லீக்குக்குப் போனால் இந்தச் செலவுகள் கொஞ்சம் கூடும், சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கூடத்தான் செய்யும். ஆனால் நம்மை முறிக்கப்போவது இன்றைக்கு நோட்டிலேயே இல்லாத செலவுகள். மணல் மைதானம் செல்லாது. புல் தரை, வேலி, உடை மாற்ற அறை, வாசலில் ஆம்புலன்ஸ் எல்லாம் வேண்டும். அது நமக்கு இல்லாததால் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ வாடகைக்கு எடுக்க வேண்டும். உரிமம் பெற்ற பயிற்சியாளர் வேண்டும். வயது வாரியாக இளையோர் அணிகள் வேண்டும். இன்னும் ஏறி, இப்போது ஐஎஸ்எல்-க்கு அடுத்த படியான ஐ-லீக் மட்டத்துக்குப் போனால் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் கிளப் உரிமம் வாங்க வேண்டும். விளையாட்டு, மைதான வசதி, பணியாளர்கள், சட்டம், நிதி என்று ஐந்து தலைப்பில் கேட்பார்கள், தணிக்கை செய்த கணக்கு உட்பட. பக்கத்து ஊருக்கு வேனில் போன அணி ஷில்லாங்குக்கும் ஐஸ்வாலுக்கும் ஸ்ரீநகருக்கும் விமானம் ஏறும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் எங்கள் ஊரில் பேச்சே இல்லை. அது பையன்களின் நேரம்.

எங்கள் அணியில் பாதிப் பேர் ஆழ்கடல் படகில் போகிறவர்கள். கிளம்பினால் ஒரு மாதம், சில நேரம் ஒன்றரை மாதம் கழித்துத்தான் கரை. வந்த பிறகு பங்கு பிரிப்பார்கள். அதில்தான் வீடு நடக்கிறது. இப்போதைய லீக்கில் ஆட்டங்கள் குறைவு. யார் கரையில் இருக்கிறார்களோ அவர்களை வைத்து ஆடிவிடுகிறோம். எங்கள் சென்டர் பேக் கொச்சித் துறைமுகத்தில் மீனை இறக்கிவிட்டு ராத்திரி பஸ் பிடித்து வந்து காலையில் ஆடியிருக்கிறான். இதற்குக் கிளப் அவனுக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை, அவன் கேட்டதும் இல்லை. ஆறு ஏழு மாதம் ஓடுகிற, சொந்த மைதானத்திலும் எதிரி மைதானத்திலும் மாறி மாறி ஆடுகிற லீக்குக்குப் போனால் அவன் படகில் ஏற முடியாது. அப்போது அவனுடைய கடல் பங்கை யார் கொடுப்பது? கிளப்தான் கொடுக்க வேண்டும். அன்றைக்கு நாம் சம்பளம் கொடுக்கிற நிறுவனம் ஆகிவிடுகிறோம். ஜெயித்தாலும் தோற்றாலும் மாதம் பிறந்தால் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாவிட்டால், அவனைப் படகிலிருந்து இறக்கிய பாவம் நமக்குத்தான்.

வரவுப் பக்கம் இதற்கு ஈடாக உயருமா என்றால், நம் நாட்டில் இந்த மட்டத்து லீக்குகளில் டிவி உரிமைப் பணம் என்று நம்பி உட்கார எதுவும் இல்லை. டிக்கெட் வசூலும் அப்படித்தான். நம் ஊர் கோயில் மைதானத்தில் ஆடினால் அம்மாக்கள்கூடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வாடகை ஸ்டேடியத்தில் ஆடினால் அவர்களில் எத்தனை பேர் வர முடியும்?

இந்தக் கேள்விக்குப் பதில் ஸ்காட்லாந்தில் கிடைத்தது. கிரெட்னா என்று ஒரு ஊர். இங்கிலாந்து எல்லையை ஒட்டி, சுமார் 3,000 பேர் வாழ்கிற இடம். எல்லை ஊர் என்பதால் அவர்கள் கிளப் பல வருடம் இங்கிலாந்தின் கீழ்மட்ட லீக்குகளில் ஆடியது. 2002-இல்தான் ஸ்காட்டிஷ் லீக்கில் இடம் கிடைத்தது. எந்தச் சங்கத்தில் பதிவு செய்வது, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எங்கள் கமிட்டியிலும் வாக்குவாதம் நடந்திருக்கிறது. அதனாலேயே அந்த ஊர் எனக்குச் சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது.

புரூக்ஸ் மைல்சன் என்ற பணக்காரர் அந்தக் கிளப்பை எடுத்துக்கொண்டார். பணத்தை அள்ளிக் கொட்டினார். 2005, 2006, 2007 என்று அடுத்தடுத்து மூன்று வருடம் மூன்று டிவிஷன் ஏறினார்கள். நடுவில் 2006-இல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்துக்கே போய், ஹார்ட்ஸ் அணியிடம் பெனால்டியில்தான் தோற்றார்கள். மூவாயிரம் பேர் ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஸ்காட்லாந்தின் மேல்மட்ட பிரிமியர் லீக்கில் ஆட 6,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டாயம். ஊரில் இருந்த ரேடேல் பார்க் அதற்கு ஆகாது. அதனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மதர்வெல் கிளப்பின் ஃபிர் பார்க்கை வாடகைக்கு எடுத்து, அதையே சொந்த மைதானம் என்று சொல்லி ஆடினார்கள். 2008 ஏப்ரலில் அங்கே நடந்த ஓர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 431 பேர். அந்த லீக்கின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த கூட்டம் அது.

அதற்குள் மைல்சன் நோயில் விழுந்துவிட்டார். பணம் நின்றது. 2008 மார்ச்சில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போய்ப் பத்துப் புள்ளிகளை இழந்தது. வீரர்களும் ஊழியர்களும் வேலை இழந்தார்கள். ஆகஸ்ட்டில் கலைத்தே விட்டார்கள். நவம்பரில் அவரும் இறந்துபோனார். பிரிமியர் லீக்குக்கு ஏறியதற்கும் இல்லாமல் போனதற்கும் இடையில் ஒன்றரை வருடம்கூட இல்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கிளப்பின் மேல் அவருக்கு இருந்த பாசத்தில் சந்தேகமே கிடையாது. ஒரே ஒரு மனிதரின் உடம்பு சரியில்லாமல் போனால் ஒரு ஊரின் கிளப்பே போய்விடும் என்கிற நிலைக்கு அதைக் கொண்டுவந்ததுதான் தவறு. ரசிகர்கள் சேர்ந்து புதிதாக ஒரு கிளப் தொடங்கி, மறுபடி கீழ்மட்டத்தில் இருந்து ஆடத் தொடங்கினார்கள்.

சரி, அது எங்கோ குளிர் நாட்டுக் கதை என்று விட்டுவிட முடியாது. கேரளத்திலேயே எஃப்சி கொச்சின் இருந்தது. 1997-இல் தொடங்கி, அதே வருடம் டுராண்ட் கோப்பையைக் கேரளத்துக்குக் கொண்டுவந்தது. ஐ.எம். விஜயனும் ஜோ பால் அஞ்சேரியும் ஆடிய அணி. சம்பளம் கொடுக்க முடியாமல் 2002-இல் முடிந்துபோனது. அப்புறம் விவா கேரளா. 2007-இல் ஐ-லீக்குக்கு ஏறியது, அடுத்த வருடமே இறங்கியது, 2009-இல் மறுபடி ஏறியது. 2011-இல் வேறு கைக்கு மாறிச் சிராக் யுனைடெட் கேரளா ஆனது. 2012-இல் இறங்கியதோடு மூடிவிட்டார்கள். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி 2018-19-இல் ஐ-லீக் சாம்பியன். மூன்று வருடம் கழித்து, 2021-22 சீசனில், அந்த லீக்கிலேயே அது இல்லை. ஐ-லீக் ஜெயித்து 2024-இல் ஐஎஸ்எல்-க்கு ஏறிய முகமதன் ஸ்போர்ட்டிங் 1891-இல் பிறந்த கிளப். கொல்கத்தாவில் அதற்கு இருக்கிற ஆதரவைச் சொல்லவே வேண்டாம். ஏறிய முதல் சீசனிலேயே சம்பள பாக்கி. சம்பளம் வரவில்லை என்று சொல்லிப் பயிற்சியாளர் நடுவிலேயே விலகினார். அணி கடைசி இடத்தில் முடித்தது. அத்தனை பெரிய பெயருக்கே இப்படி என்றால் நமக்கு?

உச்சிப் படியாவது உறுதியாக இருக்கிறதா என்றால், 2025 ஜூலையில் ஐஎஸ்எல்-ஐயே நிறுத்தி வைத்தார்கள். சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிய இருந்தது. ஆகஸ்ட்டில் பெங்களூரு எஃப்சி முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது.

இங்கிலாந்தின் பரி கிளப்பையும் சொல்ல வேண்டும். 1885-இல் தொடங்கியது. இரண்டு முறை எஃப்ஏ கோப்பை வென்றது. 2019 வசந்தத்தில் வீரர்களுக்குச் சம்பளம் வராமலேயே ஆடி, நான்காம் டிவிஷனில் இருந்து மூன்றாம் டிவிஷனுக்கு ஏறினார்கள். அந்த மேல் டிவிஷனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆகஸ்ட் 27-ஆம் தேதி லீக் அவர்களை வெளியேற்றியது. கிளப் பிழைத்துவிடும் என்று நம்பி ஊர்க்காரர்கள் துடைப்பத்தோடு போய் ஸ்டேடியத்தைக் கழுவிக்கொண்டிருந்த அதே நாளில்தான் அந்த முடிவு வந்தது. அந்தப் படங்களை இப்போது பார்த்தாலும் எனக்கு மனசு ஆறாது.

ஏறுவதற்கு முன்பே செலவு செய்வது ஒரு வகை ஆபத்து. ஏறியதும் விதியால் வருகிற செலவு இன்னொன்று. இங்கிலாந்தின் இன்னொரு கிளப்பான சட்டன் யுனைடெட் 2021-இல் ஐந்தாம் டிவிஷனை ஜெயித்து நான்காவதுக்குப் போனது. அவர்களிடம் செயற்கைப் புல் தரை இருந்தது. வாரம் முழுக்க ஊர்ப் பிள்ளைகள் அதில் ஆட, வாடகைக் காசும் வந்துகொண்டிருந்தது. மேல் லீக்கில் செயற்கைப் புல்லுக்கு அனுமதி இல்லை. தோண்டி எடுத்துவிட்டு உண்மையான புல் போட வேண்டியதாயிற்று. 2024-இல் மறுபடி கீழே வந்துவிட்டார்கள்.

இறங்குவதைப் பற்றியும் நம் ஆட்கள் யோசிக்க வேண்டும். மேல் லீக்கில் தாக்குப்பிடிக்க வெளியூர் ஆட்களைக் கூட்டி வருவோம். அணிக்கு ஏழு பேர் ஆடும் மலப்புறத்துச் செவன்ஸ் ஆட்டங்களில் பழகிய, காசுக்கு வந்து ஆடும் கெஸ்ட் பிளேயர்கள் நமக்குத் தெரிந்தவர்கள்தானே. ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடுவது வேறு, சீசன் முழுக்க வாடகை வீடும் சாப்பாடும் சம்பளமும் கொடுத்து வைத்திருப்பது வேறு. இரண்டு வருட ஒப்பந்தம் போட்டுவிட்டு முதல் வருடமே இறங்கினால், கீழ் லீக்கில் ஆடும்போதும் மேல் லீக் சம்பளம் ஓடும். அதற்குள் நம் பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து சலித்து வேறு ஊர் கிளப்புக்கோ முழு நேரமாகப் படகுக்கோ போயிருப்பார்கள். திரும்பி வரும்போது நோட்டில் கடனும் களத்தில் வெற்றிடமும் இருக்கும்.

கமிட்டியில் இதைப் பேசினேன். எங்களுக்கு அதிகமாகக் கொடுக்கிறவர் ஒரு படகு முதலாளி. நல்ல மனிதர். "கணக்கப் பாத்துப் பயந்துட்டே இருந்தா பந்து உருளாது மக்கா. நான் இருக்கேம்லா" என்றார்.

"வள்ளத்த வித்து விசைப்படகு வாங்கும்போது நீங்க என்ன பாத்தீங்க அண்ணே? மீன் கூட கெடைக்கும்னு பாத்தீங்களா, டீசலுக்கும் ஐஸுக்கும் எத்தன மாசம் கையில காசு நிக்கும்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"டீசல்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஓகி வந்த வருசம் நான் இந்தக் கிளப்புக்கு ஒண்ணும் குடுக்கல, ஞாபகம் இருக்கா?" என்றார்.

ஞாபகம் இல்லாமலா? ஓகி புயல் அடித்தது 2017 நவம்பர் கடைசி. இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளில் ஆண்கள் திரும்பி வரவில்லை. படகுகள் போயின. அந்த வருடம் பந்தைப் பற்றி யாருமே பேசவில்லை. அப்போது கிளப்புக்குச் சம்பளம், வாடகை, ஒப்பந்தம் எதுவும் இல்லாததால் கிளப் சும்மா படுத்துக் கிடந்தது. பிறகு பையன்கள் மெதுவாக வந்து ஆடத் தொடங்கியதும் எழுந்தது. சீசன் நடுவில் சம்பளப் பட்டியலோடு ஓடுகிற அணியாக இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். கிரெட்னாவுக்கு ஒருவரின் நோய். நமக்குக் கடல்.

இவ்வளவு சொன்னதால் மேலே போகவே கூடாது என்பது என் கட்சி என்று நினைக்க வேண்டாம். ஸ்பெயினில் எய்பர் என்ற ஊர், ஜனத்தொகை சுமார் 27,000. 2014-இல் இரண்டாம் டிவிஷனை ஜெயித்து, முதல் டிவிஷனான லா லிகாவுக்கு அந்த ஊர் கிளப் தகுதி பெற்றது. ஒரு காசு கடன் இல்லாத கிளப். ஆனால் கிளப்பின் மூலதனம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு விதி. அதன்படி இன்னும் 17 லட்சம் யூரோவுக்கு மேல் சேர்த்தாக வேண்டும்; இல்லாவிட்டால் மேலே போக முடியாதது மட்டுமில்லை, கீழேயும் இறக்கிவிடுவார்கள். கடன் இல்லாமல் ஒழுங்காக நடத்தியதற்கே தண்டனை மாதிரி இருந்தது. அவர்கள் ஒரு பணக்காரரைத் தேடிப் போகவில்லை. பங்குகளைச் சின்னச் சின்னதாக விற்றார்கள். ஒரே ஆள் மொத்தமாக வாங்கிவிட முடியாதபடி உச்சவரம்பு வைத்தார்கள். பல நாடுகளில் இருந்து சாதாரண ரசிகர்கள் வாங்கினார்கள். பணம் சேர்ந்தது.

முதல் சீசனில் எய்பர் இறங்க வேண்டிய இடத்தில்தான் முடித்தது. ஆனால் அவர்களுக்கு மேலே முடித்த எல்சே கிளப்பைக் கடன் பாக்கிக்காக லீக் கீழே இறக்கியதால் எய்பர் தங்கிவிட்டது. அப்படித் தங்கியவர்கள் 2021 வரை ஏழு சீசன் ரியல் மாட்ரிட்டோடும் பார்சிலோனாவோடும் ஆடினார்கள். அப்புறம் இறங்கினார்கள். கிளப் இன்றும் இருக்கிறது.

நம் சங்கங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஜெயித்த கிளப், இந்த வருடம் எங்களால் முடியாது, அடுத்த வருடம் ஏறுகிறோம் என்று சொன்னால் அபராதம் போடாமல், பெயரைக் கெடுக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். மேலே வருகிற கிளப்பிடம் ஸ்டேடியம் எங்கே என்று கேட்பதற்கு முன் ஒரு சீசன் சம்பளம் கையில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டால் நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன், ஜூலை மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் இருக்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பொதுக்கூட்டம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மேல் டிவிஷனில் ஒரு சீசன் ஆட என்ன ஆகும் என்று வரி வரியாக எழுதிய தாளை அங்கே வாசிக்கப் போகிறேன். பையன்களின் கடல் பங்குக்கு ஈடான தொகையும் அதில் இருக்கும். அந்தத் தொகை முழுவதும் சீசன் தொடங்கும் முன்பே பேங்கில் இருக்க வேண்டும். அதில் எந்த ஒருவரின் பணமும் கால் பங்கைத் தாண்டக்கூடாது. நல்ல மனசுக்காரரான எங்கள் அண்ணனுக்கும் இது பொருந்தும், அவர் சம்மதித்துவிட்டார். ஒப்பந்தத்தில் மேலே இருந்தால் இவ்வளவு, இறங்கினால் இவ்வளவு என்று இரண்டு தொகையும் எழுதியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் பயிற்சிக்கான பணம் தனிக் கணக்கில் இருக்கும், பெரிய அணிக்கு எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதைத் தொடக்கூடாது. மீதியை வீட்டுக்கு ஒரு பங்கு என்று கேட்போம். பணம் சேர்ந்தால் விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. சேராவிட்டால் அடுத்த வருடமும் இதே டிவிஷனில், படகில் இருந்து வந்து ஆடுகிற இதே பையன்களோடு ஆடுவோம், மறுபடி ஜெயிக்கப் பார்ப்போம்.